பச்சைக் கதவு, நீல வாளி

பெப்ரவரி 3, 2024, சனி

வீட்டுச் சூடாக்கி மறுபடியும் மண்டையைப் போட்டுவிட்டது. இரண்டு கம்பளிச் சட்டை, மேலே ஒரு கோட்டு, விரல் நுனிகளை வெட்டிய கையுறை. இந்தக் கோலத்தில்தான் வரைகிறேன். அறுபது வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அது ஒரு வசதி.

மேசையில் இந்த மாதம் ஒரு வெள்ளைப் பீங்கான் கூசா, ஒரு எலுமிச்சம்பழம், மடித்த துவாய். பின்னால் பாதி திறந்த அலுமாரி. ஒவ்வொன்றின் அடியிலும் சோக்கட்டியால் வட்டம் போட்டிருக்கிறேன். யாராவது ஒரு நூல் அளவு நகர்த்தினாலும் பிடித்துவிடுவேன். நகர்த்த யாரும் இல்லை. ஆனாலும் போடுவேன்.

ஹெலனிடமிருந்து மின்னஞ்சல். ஏப்ரலில் என் படங்கள் நாற்பதை ஒன்றாக வைத்துக் கண்காட்சி நடத்தப்போகும், இங்கிலாந்தின் வடக்கே உள்ள காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் அவள். முகப்புச் சுவரில் எழுதப்போகும் குறிப்பை அனுப்பியிருக்கிறாள். ‘இழந்த தாயகத்தின் மௌனம் இந்தக் கோப்பைகளில் உறைந்திருக்கிறது’ என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கையுறையைக் கழற்றி எறிந்தேன். அந்தக் கோப்பையை இந்த ஊர்ப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். அதில் உறைந்திருந்தது முந்தின நாள் தேநீர். என்னைப் பிரிட்டிஷ் ஓவியர் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கி முப்பது வருடம். மேசைமேல் இருக்கும் பொருட்கள், வீட்டின் உள்ளறைகள், அவ்வளவுதான் என் வேலை. ஆனாலும் கண்காட்சி என்றவுடன் யாராவது ஒரு போரைத் தூக்கிவந்து என் கூசாவுக்குள் ஊற்றிவிடுகிறார்கள்.

பதில் எழுதினேன். ‘என் முன்னால் இருப்பதை நான் நகர்த்துவதில்லை, கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. எல்லாப் பேட்டியிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இதையே சுவரில் எழுதுங்கள், போதும்.’

பெப்ரவரி 7, புதன்

எலுமிச்சையில் பூஞ்சணம். பூஞ்சணத்தையும் வரைந்தேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

ஆரபி வந்தாள். அக்காவின் ஒரே பிள்ளை. லண்டனில் மருந்தாளர். அக்கா ஒக்டோபரில் செத்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். எப்போதும் ரயிலில் வருபவளை இந்த முறை புருஷன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் அறைக்குள் வந்தால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வாள். எதையும் தொடமாட்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

“சித்தி, கண்காட்சிக்கு அப்பாவும் வரவேணும் எண்டு நிக்கிறார். ரெண்டு வார்த்தை பேசலாமோ எண்டு கேக்கச் சொன்னவர்.”

“என்ன பேசப்போறாராம்?”

“உங்களைக் கொலிச்சுக்கு அனுப்பிப் படிப்பிச்ச கதைதான். வேற என்ன?”

அத்தானுக்கு இப்போது எழுபத்துநான்கு. கோயில் அறங்காவலர். யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் அவருக்கு ஒரு மாதம் கழியாது. தினமும் காலையில் என் தொலைபேசிக்கு ஒரு தாமரைப் பூப் படம் அனுப்புவார், கீழே ‘இனிய நாளாகட்டும்’. பார்த்தவுடன் அழித்துவிடுவேன். அந்தத் தாமரை என் கண்ணுக்குப் பிளாஸ்டிக் பூவைவிடக் கேவலம்.

“அம்மா இருந்தாலும் வந்திருக்கமாட்டா, என்ன?” என்று ஆரபி சிரித்தாள். “வாசல்படிக்கே வராத மனுசி.”

அது உண்மை. அக்கா முப்பது வருடத்துக்கு மேலாகத் தனியாக வெளியே கால் வைத்ததில்லை. வைத்தியர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சின்னது. அவளுக்கு வெளியே போகப் பயம். நானும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

சொதிக்குப் புளி போதாது.

பெப்ரவரி 16, வெள்ளி

ஹெலன் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறாள். ‘சமையலறை, காலை’ படத்தின் ஒரு மூலை.

எனக்குப் பெயர் வாங்கித் தந்த படம் அது. 1990, எனக்கு இருபத்தாறு வயது. ஓவியக் கல்லூரியில் முதல் வருடம். அப்போது அக்கா குடும்பத்தோடு லண்டன் டூட்டிங்கில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தேன். கீழே வேறு ஆட்கள். மேலே ஒரு பெரிய அறை, அதற்குள்ளேயே சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். அக்காவும் அத்தானும் நாலு வயது ஆரபியும் அதில். மாடிப்படி ஏறியதும் வரும் முகப்பில் இருந்த பெட்டி மாதிரி ஒரு அறையில் நான். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, பாதி திறந்திருந்த பச்சைக் கதவு வழியாக உள்ளே தெரிந்ததை வரைந்தேன். மேசை, இரண்டு கோப்பை, யன்னல் வெளிச்சம், மேசைக்கு அடியில் மூடி போட்ட ஒரு நீல வாளி. அந்த நீலம் இல்லாவிட்டால் படம் எழுந்து நிற்காது என்று எழுதாத விமர்சகர் இல்லை. இந்த ஏப்ரலில் அந்த வாளியைத் துணிப்பையில் அச்சடித்து விற்கப்போகிறார்களாம்.

பச்சைக் கதவில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது என்கிறாள் ஹெலன். படங்களைச் சீராக்கும் மார்ட்டின் என்பவன் ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறான். எண்ணெய் வர்ணம் வயதாக ஆகக் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியுமாம். மேலே பூசிய பச்சை மெலிந்து, கீழே முதலில் வரைந்தது வெளியே வருகிறதாம். எனக்கே பாடம் நடத்துகிறான். கீழே இருப்பது என்ன, அதன்மேல் பச்சை தொட்டு மறைக்கவா, அப்படியே விடவா என்று கேட்டிருக்கிறான்.

‘பழைய பிழைக் கோடு. மறைத்துவிடுங்கள்’ என்று எழுதி அனுப்பினேன்.

திரும்பும்போது என் முழங்கை கூசாவில் பட்டது. வட்டத்தை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போயிற்று. இரண்டு வார வேலை நாசம்.

பெப்ரவரி 17, சனி

பக்கத்து வீட்டுக்காரனோடு குப்பைத் தொட்டிக்காகச் சண்டை. சரியான சண்டை. தெருவில் மூன்று யன்னல் திறந்து பார்த்தார்கள். பிறகு தொட்டி என்னுடையதுதான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

தாமரைப் பூ வந்தது. அழித்தேன்.

பெப்ரவரி 21, புதன்

பொறுக்க முடியாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். வடக்கே நாலு மணி நேரம். தேநீர் என்று ஒரு வெந்நீரைத் தந்தார்கள்.

மார்ட்டின் நாற்பது வயதுக்காரன், மெல்லப் பேசுகிறவன். மெல்லப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் படுக்க வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வர்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கமராவில் எடுத்ததாம்.

தாழ்ப்பாள். தெளிவாக, இரும்புக் கடையில் தொங்குவது போல.

“நாலு துளை, மூன்று திருகாணி” என்றான். “ஒன்று விழுந்துவிட்டது போல. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் பித்தளையின் பளபளப்புக்கூட வரைந்திருக்கிறீர்கள். இந்தப் படத்தில் வேறு எதையும் நீங்கள் இவ்வளவு கவனமாக வரையவில்லை. ஒன்று கேட்கலாமா? இது கதவின் வெளிப்பக்கம்தானே?”

“பழைய வீடு. எங்களுக்கு முந்தி யாரோ போட்டது” என்றேன்.

“அப்படியா” என்றான்.

அந்த ‘அப்படியா’வுக்காக அவனைப் பிடித்து ஏசினேன். வாய்க்கு வந்தபடி. உன் வேலை தூசி துடைப்பது, அதை மட்டும் பார் என்றேன். அவன் கோபிக்கவில்லை. எப்போது மறைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். பொறு, நான் சொல்கிறேன் என்றுவிட்டு வந்தேன்.

அந்தத் தாழ்ப்பாள் சும்மா தள்ளினால் போகாது. குளிர்காலத்தில் மரம் உப்பிவிடும். கதவை இடது கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தள்ள வேண்டும். இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 22, வியாழன்

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். அதன்மேல் பச்சை பூசச் சொன்னது அக்கா. படத்தைப் புகைப்படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் அம்மா பார்த்துவிட்டு வேதனைப்படுவா, எடுத்துவிடு என்றாள். எடுத்துவிட்டேன். அவளுடைய வீடு, அவளுடைய கதவு. என் விதியை ஒரே ஒருமுறை மீறியது அவளுக்காக. இதில் என் பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 2, சனி

ஆரபி தொலைபேசியில் பேசினாள். குரல் சரியில்லை.

“சித்தி, எனக்கும் அது வந்திட்டுது.”

“எது?”

“அம்மாவின்ர வருத்தம், வெளியில போகப் பயம். ஜனவரியிலயிருந்து ரயில் ஏறேலாமக் கிடக்கு. இப்ப வாசலுக்குப் போனாலே நெஞ்சு அடிக்குது. வேலைக்கு லீவு போட்டிட்டன். டொக்டர் மாத்திரை தந்திருக்கிறார், அம்மா குடிச்ச அதே மாத்திரை. எத்தினை பேருக்கு நானே எடுத்துக் குடுத்திருப்பன்.”

“அம்மா செத்து நாலு மாசந்தானேயடி. துக்கத்தில வாறது.”

“இல்லை. அப்பா சொல்லுறார், இது அம்மாவின்ர பக்கத்து இரத்தமாம். எனக்கு வருமெண்டு அவருக்கு எப்பவோ தெரியுமாம். தன்ர தலையெழுத்து, தாயைப் பார்த்தது போதாதெண்டு மகளையும் பார்க்க வேண்டிக் கிடக்காம். பாவம் சித்தி, அழுறார்.”

பாவமாம்! அழுகிறாராம்! தொலைபேசியை வைத்த பிறகு சமையலறையில் நின்று கத்தினேன். அக்காவின் பக்கத்து இரத்தம் என்றால் என்னுடைய இரத்தமும்தான். நான் எந்த வாசலில் நின்று நடுங்கினேன்? முப்பத்தைந்து வருடமாகத் தெருத்தெருவாக அலைந்து ஊரில் உள்ளவர்கள் எல்லாரோடும் சண்டை பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

மார்ச் 3, ஞாயிறு

அத்தானைக் கூப்பிட்டேன். பின்னால் தொலைக்காட்சியில் பக்திப் பாட்டு.

“ஆரபிக்கு நீங்கள் என்ன கதை சொல்லி வைச்சிருக்கிறியள்?”

“என்னத்தைச் சொல்லுறது? தாயைப் போலத்தான் பிள்ளையும். இரத்தம்.”

“அக்காவுக்கு இரத்தத்தில ஒண்டும் இருக்கேல்லை. ஊரில சைக்கிளில பட்டணம் முழுக்கச் சுத்தினவள். கதவுக்கு வெளியால தாழ்ப்பாள் போட்டது நீங்கள். அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.”

பாட்டு நின்றது.

“அந்தக் காலம் உமக்குத் தெரியுந்தானே? ரோட்டில போனால் வெள்ளைப் பெடியள் முட்டையால எறிஞ்சவங்கள். துப்பினவங்கள். அவவுக்கு ஒரு சொல்லு இங்கிலீஸ் தெரியாது. பிள்ளையோட எங்கயேன் போய்த் துலைஞ்சிருந்தால்? நான் பாதுகாப்புக்குச் செய்தது. ரெண்டு வருசம் ஒரு குறையும் வராமப் பாத்தனான்.”

“பாதுகாப்புக்கு உள்ளுக்கல்லோ தாழ்ப்பாள் போடுறது?”

அதற்கு அவர் ஒன்று சொன்னார். ஒரே ஒரு வசனம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 4, திங்கள்

மார்ட்டினுக்கு எழுதினேன். ‘மறைக்க வேண்டாம். மேலே இருக்கும் பச்சையை எடுத்துவிடுங்கள்.’

ஹெலன் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். சுவரொட்டி எல்லாம் அச்சுக்குப் போய்விட்டதாம். அச்சகத்தை நிறுத்து என்றேன்.

மார்ச் 9, சனி

பெப்ரவரி 22 எழுதியது பொய். நாட்குறிப்பில் யாருக்காகப் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் வீட்டில் நின்ற நாள். அன்றைக்குத்தான் பகல் முழுக்கக் கதவு திறந்திருக்கும். அதனால்தான் அந்தப் படத்தை ஞாயிறுகளில் மட்டும் வரைந்தேன். அக்கா மாடி முகப்புக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கையை நீட்டி, படத்தில் இருந்த தாழ்ப்பாளின் மேல் விரலை வைத்தாள். வர்ணம் காயவில்லை. விரல் நுனியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

“உன்ர கொலிச்சில இதைப் பாப்பினமோ?”

“பாப்பினம்.”

“பாத்தால் ஆரேன் கேப்பினம், என்ன?”

நான் தூரிகையைத் துணியில் துடைத்தேன். அவள் அந்த விரலைத் துடைக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்த மஞ்சளோடேயே வெங்காயம் வெட்டினாள், பிள்ளைக்குத் தலை வாரினாள், எனக்குச் சோறு போட்டாள்.

கல்லூரிக் காட்சிக்கு அத்தான் கமராவோடு வரப்போவதாகச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முந்தி நான்தான் பச்சையைக் குழைத்துப் பூசினேன். பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. வாளியை விட்டுவிட்டேன். வாளி யாருக்கும் விளங்காது என்று தெரியும். பத்து மணி நேரம் பூட்டிய அறைக்குள் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். கழிப்பறை மாடி முகப்பில், கதவுக்கு வெளியே. மூடி போட்ட வாளி எதற்கென்று முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு விமர்சகருக்கும் தோன்றவில்லை. ‘அமைதியான நீலம்’ என்று எழுதினார்கள்.

காட்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், “ஆரேன் கேட்டவையோ?”

“ஒருத்தரும் கேக்கேல்லை” என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. அடுத்த வருடம் அவர்கள் தனி வீடு வாங்கிப் போனார்கள். அந்த வீட்டில் அத்தான் தாழ்ப்பாள் போடவில்லை. தேவைப்படவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மறுபடியும் ரயில். மார்ட்டின் பஞ்சுக் குச்சியை ஏதோ திரவத்தில் தோய்த்துத் தோய்த்து உருட்டினான். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியில் ஏறியது. மத்தியானத்துக்குள் மூன்று திருகாணியும் வந்துவிட்டன. பித்தளைத் தேய்மானத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அது என்ன என்று கேட்டான். அக்காவின் விரல் அடையாளம். பூசும்போது அதையும் சேர்த்துத்தான் பூசியிருக்கிறேன்.

“என்னை அன்றைக்கு ஏசியதற்கு...” என்று நான் தொடங்கினேன்.

“நீங்கள் ஏசினீர்கள், நான் இல்லை” என்றான். சிரித்துவிட்டேன். மன்னிப்பு அதோடு முடிந்தது.

ஹெலன் துணிப்பையின் மாதிரியோடு வந்தாள். தோளில் நீல வாளி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாளி எதற்கென்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் ஒரே வாக்கியத்தில். பையைக் கழற்றி மடித்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் புதுக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். ‘புலம்பெயர் பெண்களின் வீட்டுச் சிறை.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெண்கள் இல்லை. ஒரு பெண். அவளுக்குப் பெயர் இருக்கிறது, கமலவேணி. படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையை நானே எழுதித் தருகிறேன். ஆனால் அதற்கு முதலில் நான் ஒருத்தியிடம் போக வேண்டும்.”

மார்ச் 23, சனி

லண்டன். ஆரபியின் வீடு. பட்டப்பகலில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மூன்று வாரமாக வெளியே போகவில்லை. இரவுச் சட்டைக்கு மேல் புருஷனின் கம்பளிச் சட்டை. அக்காவைப் பார்த்தது போலவே இருந்தது.

தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். முதலில் பெருமூச்சு விட்டாள், இதை ஆயிரம் தரம் பார்த்தாயிற்று என்பது போல. பிறகு விரலால் பெரிதாக்கினாள்.

“இது முந்தி இருக்கேல்லையே.”

“இருந்தது. நான் மூடினனான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் போட்ட தாழ்ப்பாள், வாளி, அக்காவின் விரல், பச்சை. அம்மாவுக்கு வருத்தம் இரத்தத்தில் வரவில்லை, கதவில் வந்தது என்றேன். உனக்கு வந்திருப்பது அவளுடைய வருத்தமே இல்லை, அவளைப் பற்றி உனக்குச் சொன்ன கதை என்றேன். அவள் அழுவாள், அத்தானைத் திட்டுவாள், நான் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் அழவில்லை. மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிறவள் மாதிரி யோசித்தாள்.

“அப்பா அப்ப பெட்ரோல் ஸ்டேசனில. விடிய அஞ்சு மணிக்குப் போயிடுவார் எண்டு அம்மா சொல்லியிருக்கிறா.”

“ஓம்.”

“நீங்கள் எத்தினை மணிக்குக் கொலிச்சுக்குப் போறனீங்கள்?”

“எட்டு.”

“உங்கட அறை தனி. ஆனா சாப்பாடு எங்கட அறைக்குள்ள.”

“ஓம்.”

“அப்ப எட்டு மணிக்கு நீங்கள் வெளியில போறதுக்கு முதல் கதவு திறந்திருக்கவேணும். பிறகு ஆர் பூட்டினது, சித்தி?”

மார்ச் 3 அன்று அத்தான் சொன்ன வசனத்தை இப்போது எழுதுகிறேன். ‘நான் போட்டனான் எண்டால், தினம் பூட்டிப்போட்டுப் போனது நீர்தானே?’

“நான்” என்றேன்.

“ஏன்?”

“அத்தான் சொன்னவர். அவர் வேலைக்குப் போகேக்க நான் வீட்டில நிப்பன்தானே, அதால திறந்து விட்டிட்டுப் போவார். நான் போகேக்கப் பூட்டச் சொன்னவர்.”

“மற்றவை சொல்லுறதைக் கேக்கிற ஆளே நீங்கள்? காட்சிக்கூடத்தோட சண்டை, பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை, ரயிலில தேத்தண்ணி விக்கிறவனோட சண்டை. அப்பாவோட மட்டும் ஏன் ஒருநாளும் சண்டை பிடிக்கேல்லை?”

“கொலிச்சால நிப்பாட்டிப்போடுவார் எண்டு.”

“அவ்வளவுதானோ?”

வேறு ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தேன். உண்மையாகவே தேடினேன். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

“அவ்வளவுதான்.”

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். “போங்கோ, சித்தி.” மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தக் கதவை அவள் திறந்தது என்னை வெளியே அனுப்பத்தான்.

மார்ச் 27, புதன்

அட்டையை எழுதி அனுப்பினேன். தாழ்ப்பாளைப் பொருத்தியவர் யார், பூட்டியவர் யார், இரண்டும். காட்சிக்கூடத்து வழக்கறிஞர் முதலாவதை வெட்டிவிட்டார். உயிரோடிருக்கும் இன்னொருவரைப் பற்றி அப்படிச் சுவரில் எழுத முடியாதாம். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமாம். ஹெலனோடு ஒரு மணி நேரம் கத்தினேன். பிறகு கத்துவதை நிறுத்தினேன். முதல்தடவையாக ஒரு சண்டையில் எனக்குக் கிடைத்தது சரியான பங்கு என்று பட்டது.

24ஆம் தேதியிலிருந்து தாமரைப் பூ வரவில்லை. ஆரபி அவரிடம் பேசியிருக்கிறாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆரபியை மூன்று தரம் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காதது சரி.

ஏப்ரல் 6, சனி

திறப்பு விழா. நல்ல கூட்டம், மலிவான வைன். அத்தான் வரவில்லை. மேயர் பேசினார். என்னைப் பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். என்ன பேசுவது? முப்பது வருடமாகச் சொன்ன அந்தக் ‘கூட்டுவதில்லை, குறைப்பதில்லை’ வாக்கியத்தை இனி நான் வாயால் சொல்ல முடியாது. சுவரிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

‘சமையலறை, காலை’க்கு முன்னால் ஆட்கள் நின்று அட்டையை வாசித்தார்கள். வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாளியைப் பார்த்தார்கள். அட்டையில் இவ்வளவுதான்:

‘கான்வாஸில் எண்ணெய் வர்ணம், 1990. அறைக்குள் இருப்பவர் ஓவியரின் அக்கா கமலவேணி. படத்தில் தெரியமாட்டார். கதவின் வெளித் தாழ்ப்பாளை வார நாட்களில் காலை எட்டு மணிக்குப் பூட்டியவர் ஓவியர்.’

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆரபி வந்தாள். தனியாக. கோட்டுப் பொத்தான்களை மாறிப் போட்டிருந்தாள். முகம் வெளிறி, தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. ரயில் சீட்டு இன்னும் கைக்குள் கசங்கிக் கிடந்தது. நாலு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

என்னைப் பார்க்கவில்லை. நேராகப் படத்திடம் போனாள். அட்டையை வாசித்தாள். பிறகு படத்திலுள்ள கதவுக்கு அருகே, மூக்கு முட்டும் தூரத்தில் போய் நின்றாள். காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கை காட்டி நிறுத்தினேன். இரண்டு அடி தள்ளி நானும் நின்றேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைக் கேட்டால் அவள் அதற்கொரு பதில் தேட வேண்டிவரும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்கக்கூடாது என்று விழுங்கினேன்.

“எனக்கு ஒரு சத்தம் ஞாபகம் இருக்கு” என்றாள், படத்தைப் பார்த்தபடியே. “எப்பவும் இருந்தது. என்ன சத்தம் எண்டு தெரியாம இருந்தது. டக் எண்டு ஒண்டு. அதுக்கு முதல் கதவு ஒருக்காக் கிறீச்சிடும்.”

கதவைத் தூக்கிப் பிடிக்கும் சத்தம் அது.

“அந்தச் சத்தம் வந்தவுடன அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு வருவா. ‘சித்தி படிக்கப் போறா, டாட்டா காட்டு’ எண்டு சொல்லுவா. நான் கதவுக்குக் கை காட்டுவன். காலடிச் சத்தம் படியால இறங்கி முடியிற வரைக்கும் காட்டச் சொல்லுவா.”

அவ்வளவும் சொல்லிவிட்டு மாறிப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். ஐந்து மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது, தனியாகவே போகிறேன், கூட வரவேண்டாம் என்றாள். போனாள்.

காட்சிக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கினேன். அவள் படிகளில் இறங்கித் தெருவைக் கடந்து கண்ணுக்கு மறையும் வரைக்கும் காட்டிக்கொண்டே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் படியிறங்கிய அந்த வருடம் முழுவதும் நானும் திரும்பிப் பார்த்ததில்லை.